தமிழர் வீட்டில் இலத்தீன் சொற்கள்

ஜன்னல், சாவி, மேசை, அலமாரி, பேனா ஆகியவை போர்த்துக்கீசிய மொழி வழியாகத் தமிழுக்கு வந்தவை. இவற்றின் வேர் இலத்தீன். வாஸ்கோ ட காமா 1498-இல் கோழிக்கோட்டுக்கு வந்த பிறகு, போர்த்துக்கீசியர் முத்துக்குளித்துறையிலும் இலங்கையிலும் நூறாண்டுக்கு மேல் தங்கினார்கள். அவர்களோடு பழகியவர்கள் காதால் கேட்டுப் பிடித்த சொற்கள் இவை. ஏட்டில் படித்து எடுத்தவை அல்ல.

அதற்குச் சாவியே சாட்சி. திறவுகோலுக்கு இலத்தீனில் 'கிளாவிஸ்' என்று பெயர். இத்தாலியர் அதை 'கியாவே' என்றும், பிரெஞ்சுக்காரர் 'கிளே' என்றும் ஆக்கிக்கொண்டனர். போர்த்துக்கீசியத்திலோ சொல்முதலில் வரும் 'கிள', 'பிள' ஒலிகள் சகரமாகத் திரிந்தன. 'கிளாவிஸ்' 'சாவே' ஆயிற்று. மழையைக் குறித்த 'புளூவியா' 'சூவா' ஆயிற்று. சொல் எந்தக் கப்பலில் வந்தது என்பதை நம் 'சாவி'யின் முதலெழுத்தே காட்டிக்கொடுக்கிறது.

ஜன்னலின் கதை இன்னும் அழகானது. இலத்தீனில் 'யானுவா' என்றால் வாசற்கதவு. சிறு வாசல் என்ற பொருளில் அதிலிருந்து பிறந்ததே போர்த்துக்கீசிய 'ஜனேலா'. உரோமரின் வாசல் தெய்வம் யானுஸ். ஆண்டின் முதல் மாதம் அவர் பெயரைத் தாங்கியது. ஆக, ஆங்கிலம் வழியே வந்த ஜனவரியும் போர்த்துக்கீசியம் வழியே வந்த ஜன்னலும் உடன்பிறப்புகள். ஈழத்தமிழர் 'யன்னல்' என்கிறார்கள். பழைய உரோமரின் யகர ஒலி தற்செயலாக அங்கே திரும்பி வந்துவிட்டது.

மேசை 'மென்சா'விலிருந்தும், பேனா இறகைக் குறிக்கும் 'பென்னா'விலிருந்தும் வந்தவை. கருவிகளும் ஆயுதங்களும் வைக்கும் 'அர்மாரியும்' நம் அலமாரி. கட்டட வேலையை நடத்தும் மேஸ்திரிக்கும் பள்ளிக்கூட மாஸ்டருக்கும் 'மகிஸ்தெர்' என்ற ஒரே மூலம்தான். ஈழத்தில் கிறிஸ்துமஸ் 'நத்தார்' ஆனது, பிறப்பைச் சார்ந்த 'நாதாலிஸ்' என்ற சொல்லால்.

தூத்துக்குடிக் கடற்கரையிலும் இலங்கையிலும் வழங்கும் குடும்பப் பெயர்களிலும் இலத்தீன் உண்டு. சில்வா என்றால் காடு, குரூஸ் என்றால் சிலுவை, பெரேரா என்றால் பேரிமரம்.

ஆனால் போர்த்துக்கீசியர் தந்ததெல்லாம் இலத்தீன் அல்ல. ஏலம் அரபுச் சொல்லிலிருந்து கிளைத்தது. அன்னாசி தென்னமெரிக்கப் பழங்குடிகளின் தூப்பி மொழிக்குரியது. பெர்னாண்டோ என்ற பெயர் ஜெர்மானிய வழி வந்தது.