திறந்த ஆட்ட உரிமம்: நான்காம் பிரிவின் விளக்கவுரை

மூலம்: “இவ்வுரிமத்தைப் பயன்படுத்த இசைந்தமைக்கு ஈடாக, பங்களிப்போர் உமக்கு, திறந்த ஆட்ட உள்ளடக்கத்தைப் பயன்படுத்துதற்கு, என்றுமுள்ள, உலகளாவிய, உரிமைத்தொகையற்ற, தனியுரிமையல்லாத உரிமம் வழங்குகின்றனர்.”

இது, 2000ஆம் ஆண்டில் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் வெளியிட்ட திறந்த ஆட்ட உரிமத்தின் நான்காம் பிரிவு, சற்றே சுருக்கித் தமிழ்ப்படுத்தித் தரப்பட்டது.

இப்பிரிவு தோன்றிய காரணம்: ஒருவர் கதை நடத்த, ஏனையோர் பாத்திரமேற்றுப் பகடையுருட்டி ஆடும் மேசையாட்டத்துக்கு முதல்நூல், 1974இல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’. அதனைப் பதிப்பித்த டி.எஸ்.ஆர். நிறுவனம், விற்காமல் திரும்பிய நூல்களாலும் கடனாலும் நலிந்து 1997இல் விசர்ட்ஸ் கைக்கு மாறியது. கிளைநூல் அனைத்தையும் ஒரு பதிப்பகமே அச்சிட்டு நட்டம் தாங்குதல் அரிது எனக் கண்டு, ஆட்டவிதிகளைப் பிறர்க்கும் திறந்துவிடும் வழியை வகுத்தவர் விசர்ட்ஸ் நிறுவனத்து ரயன் டான்சி. நாகர்கோவிலில் இருந்து ஆட்டநூல் பதிப்பிக்க விழைவார்க்கும் இவ்வழி உரியது ஆகலின், சொல்தோறும் பொருள் உரைக்கப்படும்.

‘இசைந்தமைக்கு ஈடாக’ என்றது, பணம் பெறாது இசைவையே விலையாகப் பெறுதலை. இசைவாவது, உரிமத்தின் பிற பிரிவுகளுக்கும் கட்டுப்படுதல். அவற்றுள் ஒன்று, பிறருடைய வணிகக் குறியைக் காட்டி ‘இன்ன ஆட்டத்துக்குப் பொருந்தும்’ என அவர் ஒப்புதலின்றி விளம்பரம் செய்யலாகாது என்பது. எனவே, வாங்குவோர் நன்கறிந்த பெயரை அட்டையில் இடாமலே நூலை விற்றாக வேண்டும். பதிப்பாளர்க்கு இது முதல் இடர்.

‘திறந்த ஆட்ட உள்ளடக்கம்’ என்பது விதிகளும் அவற்றோடு திறந்துவிடப்பட்டனவும். ‘திறந்த’ என்னும் அடைமொழியால், திறவாதனவும் உள என்பது பெறப்படும். பெயர், ஓவியம், கதைமாந்தர் முதலியவை தனியடையாளம் எனப் பிரித்து வைக்கப்படும். அவற்றை ஒப்புதலின்றித் தொடுதல் உரிமமீறல்.

‘பயன்படுத்துதற்கு’ என்பதனுள் படியெடுத்தல், மாற்றுதல், விற்பனைக்குப் பரப்புதல் என்பனவற்றோடு மொழிபெயர்த்தலும் அடங்கும். ஆகவே, 1741இல் மார்த்தாண்டவர்மா டச்சுக்காரரை வென்ற குளச்சல் போரைக் களமாக்கி, உதயகிரிக் கோட்டையை வரைபடமாக்கி, தமிழிலேயே ஒரு நூல் செய்யலாம். ஆயின், ஐவர் ஆடும் மேசையில் நூல் வாங்குபவர் பெரும்பாலும் கதை நடத்துபவர் ஒருவரே. அந்நூலும் பல்லாண்டு உழைக்கும். அன்பர் பலராயினும் வாங்குவோர் சிலரே என்பது இச்சொல்லின் உட்பொருளாகக் கொள்க.

‘உலகளாவிய’ என்றது எல்லையின்மையை. உரிமம் கடல் கடக்கும். அச்சிட்ட நூலுக்கோ அஞ்சற்செலவு உண்டு. சிவகாசியில் அச்சிட்ட கனத்த நூலை டொராண்டோவில் உள்ள தமிழர்க்கு அனுப்புங்கால், அஞ்சற்செலவு நூலின் விலையை விஞ்சுதல் கூடும். இதனாலன்றோ மேலைநாட்டுச் சிறு பதிப்பாளரும் மின்னூலை முதலாக நம்புகின்றனர்.

‘உரிமைத்தொகையற்ற’ என்றது, விதிகளைத் தந்தவர்க்குக் கொடுக்க வேண்டுவது யாதுமில்லை என்றவாறு. ஓவியர், மெய்ப்புப் பார்ப்பவர், அச்சகத்தார் ஆகியோர்க்குக் கொடுக்க வேண்டுவது அவ்வாறே நிற்கும். வரியும் நோக்குக. அச்சிட்ட நூலுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, அதனாலேயே தாளுக்குச் செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. பகடையும் அட்டையும் சேர்த்துப் பெட்டியாக்கினாலோ, அது விளையாட்டுப் பொருளாகி வரிக்கு உட்படும்.

விதிகள் யாவர்க்கும் விலையின்றிக் கிடைக்குமாயின், நூலை வாங்குவார் யார் எனின், கூறுதும். குமரி மாவட்ட எழுத்தாளர் ஜெயமோகன் ‘வெண்முரசு’ நாவல்வரிசையை 2014 முதல் 2020 வரை இணையத்தில் விலையின்றியே வெளியிட்டார், 26 நாவல்கள். அவற்றின் அச்சுநூல்களையும், ஓவியங்களோடு கூடிய செம்பதிப்புகளையும் வாசகர் முன்பதிவு செய்து வாங்கினர். முன்பணம் பெற்று அச்சிடும் இம்முறையையே மேலைநாட்டார் கிக்ஸ்டார்ட்டர் என்னும் இணையத்தளம் வழியாகச் செய்கின்றனர். ஆயினும், பெற்ற பணம் இலாபம் அன்று. நூல் சேருமளவும் அது கடனே என்று அறிக.

‘தனியுரிமையல்லாத’ என்றது, நுமக்குத் தந்ததே பிறர்க்கும் தரப்படும் என்பதனை. சுடலைமாடன் கதையை அகத்தீசுவரத்து வில்லுப்பாட்டுப் புலவர் பாடினமையால் தோவாளைப் புலவர் பாடலாகாது என்பதில்லை. கதை பொது, குரலும் வீசுகோல் எறியும் அவரவருடையவை. கொடைவிழாவுக்கு அழைக்கப்படுபவர் நன்கு பாடுபவரே. இதனை மறந்தமையால், 2000க்குப் பின் எண்ணற்ற கிளைநூல்கள் தரம் நோக்காது குவிந்தன. 2003இல் மூல ஆட்டத்தின் திருத்திய பதிப்பு வரவே, அவற்றுட் பல கடைகளில் தேங்கின.

‘என்றுமுள்ள’ என்பது மூலத்தில் முன்னிற்பினும், பொருட்சிறப்பு நோக்கி இறுதிக்கண் வைக்கப்பட்டது. கால எல்லை இல்லாதது என்பது இதன் பொருள். திரும்பப் பெற இயலாதது என்னும் சொல் இப்பிரிவில் இல்லை. ஒன்பதாம் பிரிவோ, உரிமத்தின் ‘அங்கீகரிக்கப்பட்ட எப்பதிப்பையும்’ பயன்படுத்தலாம் என்கிறது. 2023 ஜனவரியில் கசிந்த புதிய வரைவு, பழைய உரிமம் இனி அங்கீகரிக்கப்பட்டதன்று என்றும், ஆண்டு வருவாய் 7,50,000 டாலரைக் கடந்தால் மிகுதியில் 25 விழுக்காடு வரை உரிமைத்தொகை தருக என்றும் கூறியது. திரும்பப் பெறுதல் உரிமம் வகுத்தகாலைத் தம் நோக்கமன்று என்று டான்சி உரைத்தார். எனினும் இருபதாண்டாக அதனை நம்பி நின்ற பதிப்பகங்கள் கலங்கின. அவற்றுள் ஒன்றான பைசோ நிறுவனம் வேறோர் உரிமம் வகுக்கப் புகுந்தது. ஆடுவோர் எதிர்ப்பு மிகவே, அம்மாதம் 27ஆம் நாள் விசர்ட்ஸ் பின்வாங்கி, மூல ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்புக்குரிய அடிப்படை விதித்தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. ‘திரும்பப் பெற இயலாத’ என்னும் சொல் அவ்வுரிமத்தில் வெளிப்படையாகவே உண்டு.

ஆட்டநூல் வணிகத்தில் தாளும் அச்சுக்கூலியும் பின்னர் எண்ணத்தக்கன. நூல் எவ்வுரிமத்தின்மேல் நிற்கிறது என்பதே முன்னர் எண்ணத்தக்கது. இப்பிரிவு வழங்கிய கொடை பெரிது. அதில் இல்லாத ஒரு சொல்லும் அத்துணைப் பெரிது. ஆதலின் கற்போர், அச்சகத்துக்கு முன்பணம் கொடுக்குமுன், தாம் சார்ந்துள்ள உரிமத்தைச் சொல் சொல்லாகப் படித்து, திரும்பப் பெற இயலாதது என்பது அதில் உளதா எனத் தேர்ந்து தெளிக.