வாசமில்லாத வாயு

பாபநாசத்தில் மலையை விட்டு இறங்கும் தாமிரபரணி செய்த காரியங்களில் ஒன்றை எந்தப் புராணிகரும் எழுதி வைக்கவில்லை. 1880-களில் ஹார்வி சகோதரர்கள் இந்த அருவித் தண்ணீரின் வேகத்தை நம்பி இங்கே ஒரு பஞ்சாலையைக் கட்டினார்கள். நூல் நூற்கிறவர்களுக்குத் தெரியும், காற்று உலர்ந்து போனால் இழை அறுந்துகொண்டே இருக்கும். அதனால் பஞ்சாலைக் காற்றுக்கு ஈரம் ஊட்டுவார்கள். தெளித்த துளி ஆவியாகும்போது காற்றும் சற்றுக் குளிர்ந்துவிடும். அமெரிக்கப் பஞ்சாலைகளில் இந்த வேலையைச் செய்துவந்த ஸ்டூவர்ட் கிரேமர் என்ற இஞ்சினீயர்தான் 1906-ல் இதற்கு ‘ஏர் கண்டிஷனிங்’ என்று பெயர் வைத்தார். இன்று நம் படுக்கையறைச் சுவரில் தொங்கும் சீமான், நூலிழையின் சௌக்கியத்துக்காகப் பெயர் சூட்டப்பட்டவன் என்பது வேடிக்கையான விஷயந்தான்.

மண்பானைக்கும் வெட்டிவேர்த் தட்டிக்கும் உள்ள சூட்சுமமே ஏ.சி. யந்திரத்துக்கும். ஆவியாகிற பொருள், போகிற போக்கில் வெப்பத்தையும் வாங்கிக்கொண்டு போகிறது. பானையிலிருந்து போன தண்ணீர் போனதுதான். யந்திரத்தில் அப்படியில்லை. மூடிய குழாய்க்குள் ஒரு பொருளை ஆவியாக்கி, மறுபடி அமுக்கித் திரவமாக்கி, செக்குமாடுபோல் சுற்றிச் சுற்றி வேலை வாங்குகிறார்கள். அந்தப் பொருளை நம்மூர் மெக்கானிக்குகள் ‘கேஸ்’ என்கிறார்கள். எந்தக் கேஸ் என்ற கேள்விக்கு மனிதன் சொன்ன பதில்கள் ஒரு நாவலுக்குக் காணும்.

1834-ல் ஜேக்கப் பெர்க்கின்ஸ் என்பவர் ஈதரைக் கொண்டு குளிரூட்டும் யந்திரத்துக்கு இங்கிலாந்தில் உரிமை பெற்றார். பிறகு அம்மோனியா வந்தது. அமெரிக்கக் குளங்களில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் புதைத்துக் கப்பலேற்றி, 1842 முதல் சென்னைக் கடற்கரை ஐஸ் ஹவுஸில் வைத்து விற்றார்களே, அந்த வியாபாரத்துக்கு முடிவு கட்டியது இத்தகைய யந்திரங்கள்தான். அம்மோனியாவுக்குக் காரமான நெடி உண்டு, விஷமும் உண்டு. கசிந்தால் மூக்கு காட்டிக்கொடுத்துவிடும். கந்தக வாயுவும் அப்படியே. மெதில் குளோரைடு என்ற இன்னொன்றுக்கு அந்த யோக்கியதைகூட இல்லை. 1920-களில் அமெரிக்காவில் அது குளிர்பெட்டிகளிலிருந்து கசிந்து, தூங்கியவர்களைத் தூக்கத்திலேயே கொன்றது.

அப்போது வந்து சேர்ந்தார் தாமஸ் மிட்ஜ்லி. 1930-ல் ரசாயன அறிஞர்கள் கூடிய சபையில் தம் புதிய வாயுவை நெஞ்சு நிறைய இழுத்து, எரியும் மெழுகுவர்த்தியின்மேல் ஊதினார். வர்த்தி அணைந்தது. மனிதர் சாகவில்லை. விஷமில்லை, தீப்பிடிக்காது, நாற்றமும் இல்லை. சபையோருக்கு வேறென்ன வேண்டும்? ‘ஃப்ரியான்’ என்ற பெயரோடு அது உலகத்தை ஆண்டது. பெட்ரோலில் ஈயத்தைக் கலக்கலாம் என்று முன்னமே கண்டு சொன்னவரும் இதே மிட்ஜ்லிதான். இப்படி ஒரு பாத்திரத்தை நான் கதையில் எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

வாசமில்லாத அந்த வாயு எங்கே போகிறது என்று நாற்பது வருஷம் யாரும் அக்கறையாகக் கேட்கவில்லை. 1974-ல் மொலீனா, ரோலண்ட் என்ற இருவர் கேட்டார்கள். அது அழியாமல் மேலே ஏறி, வெயிலின் கொடுமையைத் தடுக்கும் ஓசோனைத் தின்கிறது என்றார்கள். கம்பெனிக்காரர்கள் நம்பவில்லை. 1985-ல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் படலம் பொத்தலாகியிருப்பதைப் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் அளந்து காட்டினார்கள். 1987 செப்டம்பர் 16-ல் மான்ட்ரியலில் உடன்படிக்கை ஆயிற்று. இந்தியா 1992-ல் சேர்ந்தது. நம் மேட்டூரிலும் இந்த வாயுவைத் தயாரித்து வந்தார்கள். ஆஸ்துமா மருந்துக்கு வேண்டிய கொஞ்சம் நீங்கலாக, 2008 ஆகஸ்டில் நாடு முழுவதும் உற்பத்தி நின்றது. பாபநாசத்தில் ஒரு முழுக்குப் போட்டால் பாவம் போகும் என்பார்கள். இந்தப் பாவம் கரைய, அண்டார்டிகா வானத்தில், சுமார் 2066 வரை ஆகும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு.

அதற்குப் பதில் வந்தவற்றின் கதையும் சுத்தமல்ல. ஏ.சி.க்களில் நெடுநாள் ஓடிய ஆர்-22 ஓசோனைக் குறைவாகத் தின்கிறது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில், 100 வருஷக் கணக்கில், கரியமில வாயுவைப்போல் சுமார் 1,800 மடங்கு. அடுத்து வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடவில்லை. சூட்டிலோ 2,000 மடங்குக்கு மேல். இவற்றையும் குறைக்க 2016-ல் கிகாலியில் ஒப்பந்தம் ஏற்பட்டது. இந்தியா 2021-ல் கையெழுத்தை உறுதி செய்தது. 2032-ல் குறைக்கத் தொடங்கி 2047-க்குள் 85 சதவிகிதம் குறைப்பதாக வாக்கு.

இப்போது கடையில் அதிகம் கிடைப்பது ஆர்-32. அதன் எண் 675, லேசாகத் தீப்பிடிக்கும். ஆர்-290-க்கு எண் ஒற்றை இலக்கம்தான். அது வேறொன்றுமில்லை, சமையல் கேஸில் கலந்திருக்கும் புரொப்பேன். தீக்குப் பயந்து நாம் ஒதுக்கி வைத்த பழைய ஆசாமி! கோத்ரெஜ் கம்பெனி 2012-லேயே இதை ஏ.சி.யில் போட்டு விற்கத் தொடங்கிவிட்டது. அடுப்பங்கரையில் 14.2 கிலோ சிலிண்டரோடு குடித்தனம் நடத்துகிற நாம், மூடிய குழாய்க்குள் இருக்கும் சில நூறு கிராமுக்கு நடுங்குவது எனக்கு விளங்கவில்லை. அறையின் அளவு பொருந்த வேண்டும், பயின்ற ஆள் மாட்ட வேண்டும் என்பது வாஸ்தவம். பழைய ஆர்-22 பெட்டியில் புரொப்பேனை அடைப்பது மட்டும் விபரீதம்; அந்தப் பெட்டி அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

என் கவலை வேறிடத்தில். சென்ற கோடையில் அம்பாசமுத்திரத்தில் ஒரு மாடியில் பழைய ஏ.சி.யைக் கழற்றிய பையன், குழாயைத் திருகி ‘உஸ்’ஸென்று கேஸைத் திறந்துவிட்டான்.

“என்ன தம்பி, இப்படி விடலாமா?” என்றேன்.

“காத்து காத்தோட போவுது, அண்ணாச்சி. யாருக்கு என்ன நட்டம்?” என்றான்.

அவன்மேல் குற்றமில்லை. கேஸை உறிஞ்சிப் பிடிக்கும் யந்திரமும் காலிச் சிலிண்டரும் அவனுக்கு யாரும் வாங்கித் தரவில்லை. ஒரு கிலோ ஆர்-22 போனால் 1,800 கிலோ கரியமில வாயு போனதற்குச் சமம் என்று யாரும் சொல்லவுமில்லை.

பிறகு விக்கிரமசிங்கபுரத்து நண்பர் ஒருவர், புதிய ஏ.சி. எதை வாங்கலாம் என்று கேட்டார். “ஆர்-290 கிடைத்தால் அது, இல்லாவிட்டால் ஆர்-32, நட்சத்திரம் அதிகமுள்ளதாக” என்றேன். “பழையதைக் கழற்ற வருகிறவரிடம் கேஸ் பிடிக்கும் யந்திரம் உண்டா என்று முதலில் விசாரியுங்கள்” என்றும் சொன்னேன். அவர் மூன்று வாரம் அலைந்து, திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்தில் ஒருவரைக் கண்டுபிடித்தார். வந்து போக முந்நூறு ரூபாய் கூடுதலாகக் கேட்டாராம்.