பொழுது சாய்ந்த பின் வரும் ஊதியம்

உழைத்தவனுக்கு ஊதியம் உரியது என்பதை எந்த அரசும் மறுப்பதில்லை. ஆனால் அவ்வூதியம் எந்நாளில் அவன் கையில் சேர வேண்டும் என்ற கேள்வியை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுவண் அரசுப் பணியாளர் வரலாறு நம்மை அதை எண்ணத் தூண்டுகிறது.

அந்நாட்டு அரசமைப்பின்படி, நாடாளுமன்றம் ஒதுக்காத பணத்தை அரசு செலவிட இயலாது. ஊதியமின்றி ஒருவர் ஊழியம் செய்ய முன்வந்தாலும் அதை ஏற்கலாகாது என்று 1884ஆம் ஆண்டுச் சட்டமொன்று விதித்தது. உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்து நேரும் வேளைக்கு மட்டும் விலக்கு அளித்தது. ஆயினும் நெடுங்காலம், ஒதுக்கீடு தாமதித்த நாள்களிலும் அலுவலகங்கள் பெரும்பாலும் இயங்கியே வந்தன. பின்னர் பணம் வந்துவிடும் என்ற நம்பிக்கையே காரணம். 1980இல் தலைமைச் சட்ட அதிகாரி பெஞ்சமின் சிவிலெட்டி, சட்டத்தைச் சொல்லுக்குச் சொல் கடைப்பிடிக்க வேண்டும் எனக் கருத்துரைத்தார். அதன்பின், நிதி நின்றால் கதவும் மூடும் என்ற நிலை உருவாயிற்று. பணியாளர் இரு கூறாயினர்: வேலையும் ஊதியமும் இன்றி வீட்டிலிருத்தப்பட்டோர் ஒரு சாரார், விலக்கின் கீழ் நாள்தோறும் வேலைக்கு வந்தும் ஊதியம் காணாதோர் மறு சாரார்.

1995-96இல் இத்தகைய முடக்கம் ஒன்று 21 நாள் நீடித்தது. மெக்சிகோ எல்லைச் சுவருக்கு நிதி ஒதுக்குவது பற்றிய பிணக்கால் 2018 டிசம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை 35 நாள் மற்றொன்று நேர்ந்தது. அதில் சிக்கியோர் ஏறத்தாழ 8 லட்சம் பேர். அவர்களில் சுமார் 4 லட்சத்து 20 ஆயிரம் பேர் சம்பளமின்றிப் பணிசெய்தனர். விமான நிலையச் சோதனையாளர், சிறைக் காவலர், கடலோரக் காவற்படையினர் எனப் பலரும் அதில் அடங்குவர்.

அரசு வேலை என்றாலே கவலையற்ற வாழ்வு என்று நாம் எண்ணுவதுண்டு. உண்மை வேறு. திடீரென 400 டாலர் செலவு வந்தால் கையிருப்பைக் கொண்டு சமாளிக்க இயலாதோர் அந்நாட்டில் பத்துக்கு நால்வர் என 2017ஆம் ஆண்டில் அதன் மைய வங்கி நடத்திய ஆய்வு காட்டியது. இரு வாரத்துக்கொருமுறை வரும் சம்பளம் ஜனவரி 11 அன்று வரவில்லை. வாடகையும் வீட்டுக்கடன் தவணையும் காத்திருக்கவில்லை.

அவர்கள் எவ்வாறு சமாளித்தனர்? சிலர் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் அளித்த வட்டியில்லாக் கடனை நாடினர். சிலர் முதுமைக்கெனச் சேர்த்த ஓய்வுக்கால நிதியில் கைவைத்தனர். உரிய வயதுக்கு முன் எடுத்தால் வரியோடு தண்டமும் உண்டு. வீட்டிலிருத்தப்பட்டோர் வேலையின்மை உதவித்தொகை கேட்கலாம். சம்பளம் வந்ததும் அதைத் திருப்பித்தர வேண்டும். வேலைக்கு வந்துகொண்டிருந்தோர் வேலையற்றோர் அல்லர் என்பதால், பொதுவாக அவர்களுக்கு அதுவும் இல்லை. அரசின் பணியாளர் துறை, வீட்டுச் சொந்தக்காரருக்கு எழுத மாதிரிக் கடிதங்கள் வெளியிட்டது. வாடகையில் ஒரு பகுதிக்கு ஈடாக வண்ணம் பூசுதல், தச்சுவேலை போன்றவற்றைச் செய்து தருவதாக அதிலொன்று கூறியது. 2013ஆம் ஆண்டின் பழைய கடிதம் தவறுதலாக வெளிவந்துவிட்டது எனப் பின்னர் விளக்கம் வந்தது. தலைநகரில் சமையற்கலைஞர் ஹோசே ஆந்த்ரேஸ் திறந்த உணவுக்கூடத்தின் முன் அரசு ஊழியர் வரிசையில் நின்றனர். இவர்கள் கடன் வாங்காமல் உணவு வங்கிக்கு ஏன் செல்கின்றனர் என்று தமக்கு விளங்கவில்லை என்றார் செல்வந்தரான வணிக அமைச்சர் வில்பர் ராஸ்.

2019 ஜனவரி 16 அன்று, முடக்க நாள்களின் சம்பளம் பின்னர் முழுமையாக வழங்கப்படும் என்ற சட்டம் பிறந்தது. அது வரவேற்கத்தக்கதே. எனினும் ஒப்பந்த நிறுவனங்களின் வழியே அரசுக் கட்டடங்களைத் துப்புரவு செய்தோரும் காவல் காத்தோரும் உணவகத்தில் உழைத்தோரும் அச்சட்டத்துள் வரவில்லை. மிகக் குறைந்த கூலி பெற்றோருக்கே இழப்பு நிலையாயிற்று. 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை, அதுவரை கண்டிராத அளவில் 43 நாள் மீண்டும் முடக்கம் வந்தபோதும், அதே வரிசைகள் உணவு வங்கிகளின் முன் நீண்டன.

கூலியாளின் கூலி விடியுமட்டும் முதலாளியிடம் தங்கலாகாது என்கிறது லேவியர் நூலின் சட்டம். தொகை குறையலாகாது என்பதோடு அது நிற்கவில்லை. ஓர் இரவுத் தாமதத்தையே அநீதி எனக் கண்டது. அன்றாடம் உண்பவனுக்கு நாளை வரும் கூலி இன்றைய பசியை ஆற்றாது என்பதை அது அறிந்திருந்தது. பிந்தி வந்த சம்பளம் தொகையில் முழுமையாய் இருக்கலாம். இடையில் கட்டிய தண்டத்தையும், கரைந்த சேமிப்பையும், பிள்ளைகள் முன் கூனிய தலையையும் அது ஈடுசெய்வதில்லை.

உணவளித்த கைகளை நாம் போற்றுகிறோம். ஆயினும் உழைத்தவர் அந்த வரிசையில் இரக்கத்தைப் பெற நின்றதே, அவருக்குரிய நீதி கிட்டாமையால்தான். நம் வீட்டில் வேலைசெய்பவர், நம் தோட்டத்தில் மண்வெட்டி பிடிப்பவர், நம் நிறுவனங்களில் பணியாற்றுபவர் ஆகியோரின் கூலியை நாம் எந்நாளில் தருகிறோம் என்பதையும் இவ்வரலாறு நம்மிடம் கேட்கிறது.