மாருதி 800-க்குள் ஒரு ரேஸ் கார்



பி.காம் படிக்கிற பையனுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாவிட்டாலும் கணக்குப் போடத் தெரியும். இந்தக் கட்டுரையில் பாதி அந்தக் கணக்குதான் :-)

ஒரு வண்டியின் பாகங்களைக் கழற்றி, அதை வைத்து வேறொரு வண்டி செய்கிறவர்களை நாம் எல்லோரும் பார்த்திருப்போம். "வேலை வெட்டி இல்லாதவன்" என்று வீட்டில் திட்டு வாங்குகிற ஆட்கள். அதே வேலையை நம்ம கோவைக்காரர் ஒருவர் செய்தார். இந்தியாவின் கார் பந்தயம் அதற்குப் பிறகு வேறு மாதிரி ஆகிவிட்டது. அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் அமெரிக்காவுக்கு ஒரு நடை போய்விட்டு வந்துவிடலாம்.

ஹாட் ராட் என்றால் என்ன?

ஃபோர்டு கம்பெனி 1908 முதல் 1927 வரை "மாடல் டி" என்ற காரைத் தயாரித்தது. மொத்தம் ஒன்றரைக் கோடிக்கும் மேல். இத்தனை கார்கள் விற்றால் என்ன ஆகும்? சில வருடங்களில் காயலான் கடை முழுக்க அதே கார்தான் கிடக்கும். கலிஃபோர்னியாவில் கையில் காசில்லாத இளைஞர்கள் அவற்றை அடிமாட்டு விலைக்கு வாங்கினார்கள். மட்கார்டு, பானெட், கண்ணாடி என்று எடையைக் கூட்டுகிற எல்லாவற்றையும் கழற்றி எறிந்தார்கள். 1932-ல் ஃபோர்டு விலை மலிவான வி8 எஞ்சின் கொண்டுவந்ததும், பழைய வண்டிக்குள் அந்த எஞ்சினைத் தூக்கி வைத்தார்கள். காய்ந்து கிடந்த ஏரிப் படுகைகளில் ஓட்டி, யார் வேகம் என்று பார்த்தார்கள். இதுதான் ஹாட் ராட்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இன்னொரு கூத்து. போர் விமானங்களின் அடியில் மாட்டும் கூடுதல் பெட்ரோல் டேங்குகள் மலிவு விலைக்கு வந்தன. பில் பர்க் என்பவர் 1946-ல் அப்படி ஒரு டேங்கை வாங்கி, அதையே காரின் உடம்பாக்கி ஓட்டினார். காற்றைக் கிழித்துக்கொண்டு போக ஏற்ற வடிவம், அதுவும் பழைய சாமான் விலையில்!

இந்த விளையாட்டுக்கு ஒரு வியாபாரப் பக்கமும் உண்டு. விக் எடல்பிராக் என்ற மெக்கானிக் தன் காருக்காகச் செய்த மேனிஃபோல்டைப் பார்த்து மற்றவர்களும் கேட்க, அது ஒரு கம்பெனியாகவே வளர்ந்தது. 1963-ல் இப்படிப்பட்ட உதிரிபாகத் தயாரிப்பாளர்கள் சேர்ந்து தங்களுக்கென ஒரு சங்கமே ஆரம்பித்துவிட்டார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. எஞ்சின் அறிவு மட்டும் இருந்தால் ஹாட் ராட் வராது. எல்லோரிடமும் இருக்கிற, எங்கேயும் பாகம் கிடைக்கிற ஒரே மாதிரியான கார் ஒன்று வேண்டும்.

நம்ம ஊர் நிலைமை

அமெரிக்காவில் கார் மலிந்து கிடந்த காலத்தில் இங்கே எதற்கும் தட்டுப்பாடு. ஆனால் கோவைக்காரர்களுக்கு வண்டியைக் கழற்றுகிற ஆசை மட்டும் குறையவில்லை. ஜி.டி.நாயுடு கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1893-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அதையே வாங்கினார். வாங்கியதும் ஓட்டிப் பார்த்ததோடு விடவில்லை, அக்கு அக்காகக் கழற்றி மாட்டினார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸோடு தொழிலை ஆரம்பித்தார். யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனி அதிலிருந்து வந்ததுதான். 1952-ல் இரண்டு பேர் போகும் பெட்ரோல் கார் ஒன்றை 2,000 ரூபாய் விலையில் செய்யலாம் என்று காட்டினார். தயாரிக்க அரசு லைசென்ஸ் தரவில்லை. அத்தோடு முடிந்தது.

அவர் ஒருத்தர் மேதை, அதனால் செய்தார் என்று நாம் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்ததிலிருந்து கோவையில் மில்கள் பெருகின. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் இன்னும் பெருகின. மில் மெஷின் சீமையிலிருந்து வரும். ஆனால் அது நின்றுபோனால் பாகம் வருகிற வரைக்கும் மில்லை மூடி வைக்க முடியுமா? உள்ளூர் பட்டறைதான் அந்தப் பாகத்தை வார்த்துக் கடைந்து கொடுக்க வேண்டும். அப்படித்தான் ஃபவுண்டரியும் லேத் பட்டறையும் சந்துக்குச் சந்து முளைத்தன. 1926-ல் பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் வந்தது. 1937-ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் இந்தியாவின் முதல் மின் மோட்டாரைச் செய்தார்கள். "இல்லையா? செஞ்சுக்கலாம் விடுங்க" என்கிற குணம் இந்த ஊருக்கு வந்தது இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

சோழவரம்

கார் பந்தயத்துக்கு வருவோம். 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஆரம்பமானது. பந்தயம் நடந்த இடம் சென்னைக்கு வடக்கே சோழவரம். அது இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம். அமெரிக்காவிலும் ஹாட் ராட்காரர்கள் போர் முடிந்த பிறகு விமான ஓடுதளங்களில்தான் ஓட்டினார்கள். போர் விட்டுச் சென்ற மிச்சத்தில் இரண்டு நாட்டிலும் பந்தயம்!

ஆனால் ஓட்டுவதற்கு எந்தக் கார்? அன்றைக்கு இந்தியாவில் தயாரான கார்கள் அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்று விரல் விட்டு எண்ணக்கூடியவை. வெளிநாட்டு ரேஸ் கார் இறக்குமதி செய்யப் பெரும் பணமும் அனுமதியும் வேண்டும். பணக்காரர்கள் சிலர் கொண்டுவந்தார்கள். மற்றவர்கள் கிடைத்த காரின் எஞ்சினைக் கழற்றி, பட்டறையில் ஃபிரேம் வெல்டிங் செய்து, சொந்தமாக ஒற்றை ஆள் கார் கட்டிக்கொண்டார்கள். ஒருவர் கார் போல இன்னொருவர் கார் இருக்காது. ஆகவே ஜெயித்தது ஓட்டியவரா, பட்டறையா, பர்ஸா என்றும் சொல்ல முடியாது.

கரிவரதன்

இந்த இடத்தில்தான் நம்ம ஆள் வருகிறார். எஸ்.கரிவரதன், லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர். சோழவரத்தில் ஓட்டிய பந்தய வீரர். (கரி என்றால் யானை. யானைக்கு வரம் கொடுத்த பெருமாள் பெயர்தான் கரிவரதன். அடுப்புக் கரி என்று நினைத்துவிடாதீர்கள்!) வசதியான குடும்பம் என்பதால் தனக்கு மட்டும் ஒரு நல்ல வெளிநாட்டுக் கார் வைத்துக்கொண்டு கோப்பைகளை அடுக்கிக்கொண்டு போயிருக்கலாம். அவர் யோசித்தது வேறு.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர். குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிற கார். அதில் ரேஸ் ஓட்டுவதாவது என்று யாரும் சிரிப்பார்கள். ஆனால் சில வருடங்களிலேயே ஊர் ஊராக அந்தக் கார் ஓடியது, ஊர் ஊராக அதன் ஸ்பேரும் கிடைத்தது. மாடல் டி-க்கு நடந்தது இங்கே அப்போதுதான் நடந்தது.

மாருதியில் இன்னொரு வசதி. அது முன் சக்கரங்களால் இழுக்கப்படும் கார். எஞ்சின், கியர் பாக்ஸ், சக்கரத்துக்குப் போகும் தண்டு எல்லாம் ஒரே தொகுப்பாக முன்னால் உட்கார்ந்திருக்கும். அந்தத் தொகுப்பை அப்படியே எடுத்து ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தால்? பின் சக்கரங்கள் உந்துகிற, எஞ்சின் பின்னால் இருக்கிற ரேஸ் கார் கிடைத்துவிடும். பெரிய பந்தயக் கார்களின் அமைப்பே அதுதான். நீளமான புரொப்பல்லர் ஷாஃப்ட் தேவையில்லை, புதிதாகக் கியர் பாக்ஸ் செய்ய வேண்டியதும் இல்லை. இரும்புக் குழாய் ஃபிரேம், மேலே ஃபைபர் உடம்பு. 1980-களின் பிற்பகுதியில் கரிவரதன் இப்படிச் செய்த கார்தான் ஃபார்முலா மாருதி.

ஒரு காரோடு அவர் நிறுத்தவில்லை. ஒரே அச்சில் பல கார்கள் கட்டினார்.

காமர்ஸ் பையனின் கணக்கு

இப்போது என் ஏரியா :-)

ஒரே ஒரு ரேஸ் கார் செய்தால் அதன் வடிவமைப்புச் செலவு முழுவதும் அந்த ஒரு கார் தலையில் விழும். இருபது கார் செய்தால் செலவு இருபதாகப் பிரியும். இது முதல் வருடப் பாடம். ஆனால் பெரிய லாபம் வாங்கும்போது வராது, உடையும்போது வரும். ரேஸ் கார் என்றால் உடையும். இறக்குமதி காரில் ஒரு பாகம் போனால் அந்த சீசனே போச்சு. மாருதி எஞ்சினில் ஏதாவது போனால் பக்கத்து ஊர் கடையில் வாங்கி, தெரிந்த மெக்கானிக்கை வைத்து மாட்டலாம். எல்லோருக்கும் ஒரே கார் என்பதால் காசு அதிகம் உள்ளவன் மட்டும் ஜெயிக்க வேண்டும் என்பதும் இல்லை. திறமை வெளியே தெரியும்.

உண்மையைச் சொல்ல வேண்டும். இதனால் கார் பந்தயம் ஏழைகள் விளையாட்டாகிவிடவில்லை. இன்றும் இல்லை. ஆனால் ஏணியில் முதல் படி என்று ஒன்று வந்தது. அதற்கு முன் அந்தப் படியே கிடையாது.

அந்தப் படியில் ஏறியவர்களில் ஒருவர் 1977-ல் பிறந்த நம்ம நரேன் கார்த்திகேயன். சோழவரத்துக்குப் பிறகு வந்த இருங்காட்டுக்கோட்டை டிராக்கில், 1990-களின் தொடக்கத்தில் ஃபார்முலா மாருதி ஓட்டித்தான் ஆரம்பித்தார். 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா 1-ல் கலந்துகொண்ட முதல் இந்தியர் ஆனார். அதே வருடம் அமெரிக்கப் பந்தயத்தில் நான்காவது இடம். மிஷெலின் டயர் பிரச்சினையால் ஆறு கார்களே ஓடின என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நண்பர்கள் விட மாட்டார்கள். ஆனாலும் அந்த ஆறில் ஒன்றில் கோவைக்காரர் உட்கார்ந்திருந்தாரே!

கரிவரதன் அதைப் பார்க்க இல்லை. 1995-ல் விமான விபத்தில் இறந்துவிட்டார். நாற்பதைத் தாண்டிய வயதுதான். அவர் பெயரில்தான் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீடுவே இருக்கிறது. 2.1 கிலோமீட்டர் டிராக். அதன் பின்னால் இருந்தவர் எல்.ஜி.பி. நிறுவனத்தைச் சேர்ந்த பி.விஜயகுமார். மாருதி 800 தயாரிப்பு 2014-ல் நின்றது. ஆனால் யோசனை நிற்கவில்லை. பின்னால் வந்த எல்ஜிபி ஃபார்முலா 4 கார்களில் மாருதி எஸ்டீம் எஞ்சின் வைத்தார்கள்.

இன்றைக்கு ஒருத்தன் செய்ய முடியுமா?

ரோட்டில் முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. இதில் நான் சட்டத்தின் பக்கம்தான். நாலு பேர் போகிற அவினாசி ரோட்டில் எவனோ வெல்டிங் வைத்த பிரேக்கை நம்பி நாம் ஏன் நடக்க வேண்டும்? அமெரிக்காவிலேயே தெருவில் ஓட்டி ஆள் செத்த பிறகுதான் பையன்களை டிராக்குக்குக் கூட்டிப் போனார்கள்.

ஆனால் கேள்வி மீதி இருக்கிறது. ரோடு வேண்டாம் என்றால் டிராக் வேண்டும். கரி ஸ்பீடுவேயில் ஃபார்முலா பாரத் போட்டி நடந்திருக்கிறது. நாடு முழுவதிலுமிருந்து இன்ஜினீயரிங் மாணவர்கள் தாங்களே கட்டிய காரோடு வந்தார்கள். பல கார்களில் கேடிஎம் பைக் எஞ்சின். கிடைக்கிற எஞ்சின், குழாய் ஃபிரேம்... எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை?

அந்தப் பையன்கள் எல்லாம் காலேஜ் பெயரில், காலேஜ் காசில் வருகிறவர்கள். சரவணம்பட்டியிலோ கணபதியிலோ லேத் பட்டறையில் நிற்கிற, ஐ.டி.ஐ. முடித்த பையனுக்கு அந்த கேட் திறக்கிறதா? வெல்டிங்கும் கடைசலும் அவன் கையில்தான் இருக்கிறது. கரிவரதன் முதல் படியைச் செய்துவிட்டுப் போனார். அதற்குக் கீழே இன்னும் ஒரு படி வேண்டும். அதைச் செய்யும் பட்டறை இந்த ஊரில் இல்லாமலா போய்விடும்?