பொருத்துக்கூலி

2002-ஆம் ஆண்டு நான் முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக்குக் கணினி ஒன்று வாங்குவதென்று முடிவாயிற்று. அம்மா கட்டிவந்த ஏலச்சீட்டின் தொகை, அப்பாவின் கையிருப்பு, மாலை நேரங்களில் தெருப்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி நான் சேர்த்தது எல்லாமாக 23,000 ரூபாய் தேறியது. மாத்தூரிலிருந்து பாரிமுனைக்குப் பேருந்து. கடற்கரை நிலையத்திலிருந்து பறக்கும் ரயிலில் சிந்தாதிரிப்பேட்டை. அங்கிருந்து நடந்தால் ரிச்சி தெரு. கடைக்காரர் துண்டுத்தாள் ஒன்றில் மதர்போர்டு, செயலி, நினைவகம், வன்தட்டு, கேபினெட் என்று வரிசையாக எழுதி, எதிரே விலை போட்டுக்கொண்டே வந்தார். கடைசி வரியில் 'அசெம்பிளிங் 500' என்று எழுதிக் கோடு கிழித்தார். அந்த 500 ரூபாயைக் கொடுப்பதா, மிச்சம் பிடிப்பதா என்பதே அன்று எனக்கும் அப்பாவுக்கும் இடையே எழுந்த வழக்கு. வழக்கு எப்படி முடிந்தது என்பதைப் பின்னர் சொல்கிறேன். அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிடலாம்.

பொருத்தும் உழைப்புக்குத் தனிவிலை உண்டு என்பதைத் தனியாள் கணினியின் வரலாறு தன் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. 1975 ஜனவரியில் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' என்ற அமெரிக்க இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 என்னும் பெட்டி வெளியாயிற்று. அதற்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. முகப்பிலிருந்த சிறு நெம்புகளை மேலும் கீழும் தள்ளித்தான் அதனோடு பேச வேண்டும். தனித்தனிப் பாகங்களாக வாங்கி வீட்டில் பற்றவைத்துக்கொள்வதானால் 439 டாலர். நிறுவனமே பொருத்திக் கொடுப்பதானால் 621 டாலர். இடைப்பட்ட 182 டாலர், பாகங்களின் விலையில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல். கைவேலை அன்று அவ்வளவு மதிப்புள்ளதாக இருந்தது. நூற்றுக்கணக்கான இணைப்புகளை ஈயப்பற்று வைத்துச் சேர்க்க வேண்டும். ஒன்று பிசகினாலும் பெட்டி உயிர்பெறாது.

அடுத்த ஆண்டு, 1976-இல், ஸ்டீவ் வாஸ்னியாக்கும் ஸ்டீவ் ஜாப்ஸும் தங்கள் முதல் ஆப்பிள் பலகையை விற்க முனைந்தபோது, பைட் ஷாப் என்ற கடையை நடத்திய பால் டெரல் 50 பலகைகள் கேட்டார். ஒரு நிபந்தனை: பாகங்களாகத் தரக்கூடாது, பொருத்தி முடித்த பலகைகளாகவே தரவேண்டும். தாமே பற்றவைத்துக்கொள்ளும் ஆர்வலர் கூட்டம் சிறியது, பொருத்தியதை வாங்கும் கூட்டம் பெரியது என்பதை ஒரு கடைக்காரர் கண்டுகொண்ட தருணம் அது. இங்கிலாந்தில் கிளைவ் சின்க்ளேர் 1980-இல் வெளியிட்ட இசட்எக்ஸ்80, பாகங்களாக 79.95 பவுண்டு, பொருத்தியது 99.95 பவுண்டு. 1981-இல் வந்த இசட்எக்ஸ்81, பாகங்களாக 49.95, பொருத்தியது 69.95. பொருளின் விலை ஓராண்டில் 30 பவுண்டு இறங்கிவிட்டது. பொருத்துக்கூலி மட்டும் அதே 20 பவுண்டில் நின்றது. சில்லின் விலையைப் போல மனிதக் கையின் விலை சட்டென்று இறங்கிவிடுவதில்லை.

பின்னர் அதுவும் இறங்கியது. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் பிசியை வெளியிட்டபோது, பிறர் செய்த பாகங்களையே பெரிதும் சேர்த்து, சுற்றுவரைபடங்களையும் நூலாக அச்சிட்டு விற்றது. அடிப்படை நிரல் மட்டுமே அதன் உரிமைப்பொருளாக எஞ்சியது. அதையும் காம்பேக் நிறுவனம் 1982-இல் நகலெடுக்காமல் புதிதாக எழுதிச் சாதித்தது. 1984-இல் பீனிக்ஸ் நிறுவனம் அத்தகைய நிரலை யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்றாக்கியது. 1995-இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவுமுறையால், எந்த நிறுவனத்தின் பலகையும் எந்த நிறுவனத்தின் பெட்டியிலும் பொருந்தியது. 'பிசி 99' என்ற வரையறை செருகுவாய்களுக்கு நிறம் குறித்தது: விசைப்பலகைக்கு ஊதா, சுட்டெலிக்குப் பச்சை. தவறாகச் செருக முடியாதபடி முனைகள் வடிவம் பெற்றன. ஆல்டேரைப் பொருத்தியவனின் விரலில் இருந்த அறிவு, செருகியின் வடிவத்துக்குள் குடிபுகுந்துவிட்டது. பற்றுக்கோல் போயிற்று, திருப்புளி போதுமென்றாயிற்று.

பாகங்களைத் தருவித்துப் பொருத்துவது எங்கள் வடசென்னைக்குப் புதிய செய்தி அல்ல. எண்ணூரின் தொழில் வரலாறே அங்கேதான் தொடங்குகிறது. 1948-இல் நிறுவப்பெற்ற அசோக் மோட்டார்ஸ், 1949-இல் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பொருத்தத் தொடங்கியது. கார் இங்கிலாந்தினுடையது, பாகங்கள் கப்பலில் வந்தன, திருகியவை நம்மவர் கைகள். பொருத்துவது மட்டும் தொழிலாகுமா என்ற கேள்வி அன்றே எழுந்தது. இங்கேயே உற்பத்தி செய்யும் திட்டம் உள்ளவர்களுக்கு மட்டுமே இடம் என்ற நிலைப்பாட்டை 1953-இல் இந்திய அரசு மேற்கொண்டது. வெறுமனே பொருத்தி விற்றுவந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் 1954-இல் இந்தியாவில் கடையைக் கட்டின. எண்ணூர் ஆலையோ லேலண்டோடு கைகோத்து, 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் பெற்றுப் பாகங்களைச் செய்யவும் கற்றுக்கொண்டது.

அதே 1955-இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா தோன்றியது. ரெட்டிச்சிலிருந்து பெட்டிகளில் வந்த புல்லட் பாகங்களைப் பொருத்துவதே அதன் தொடக்க வேலை. சில ஆண்டுகளில் பாகங்களும் இங்கேயே உருவாயின. ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. 1977-இல் திருவொற்றியூர்ப் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. பொருத்தப் பழகிய கை செய்யப் பழகியதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

கணினியில் அந்த இரண்டாம் படி நமக்கு வாய்க்கவில்லை. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு அறிவித்த புதிய கணினிக் கொள்கை இறக்குமதியைத் தளர்த்தியபோது, நாடெங்கும் பொருத்துநர்கள் பெருகினர். 'ஸ்க்ரூ டிரைவர் டெக்னாலஜி' என்று அதை எள்ளினார்கள். எள்ளலில் நியாயம் உண்டு. ஆனால் அந்தத் திருப்புளி இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்கள் வீட்டுக்குக் கணினி வந்திருக்காது. வானொலி உதிரிபாகக் கடைகளாகத் தொடங்கிய ரிச்சி தெரு, தொலைக்காட்சியைக் கடந்து, தொண்ணூறுகளில் கணினித் தெருவாயிற்று. 1997-இல் இந்தியா ஏற்ற தகவல் தொழில்நுட்ப உடன்பாட்டின்படி சுங்கவரி படிப்படியாகக் குறைந்து, 2005-இல் பெரும்பாலான பாகங்களுக்கு இல்லாமலே போனது. பெயர்பெற்ற நிறுவனத்தின் பெட்டியைவிட 'அசெம்பிள்டு' பெட்டி மலிவு. அந்த மலிவில், விலை கொடுக்காமல் ஏற்றிய இயங்குதளத்துக்கும் பங்குண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

இனி எங்கள் வழக்குக்கு வருகிறேன்.

அப்பா மணலித் தொழிற்சாலைகளில் ஒப்பந்தக் கூலியாக வேலை பார்த்த ஃபிட்டர். வால்வையும் பம்பையும் கழற்றி மாட்டுவதே அவர் வாழ்க்கை. அவர்தான் என்னைத் திருப்புளி எடுக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கூலியைக் கொடுத்துவிடச் சொன்னார்.

"அவன் கைக்கூலிய மிச்சம் புட்ச்சி இன்னா பண்ணப் போற?"

"இதெல்லாம் நாலு திருகுதான்பா. நானே மாட்டிடுவேன்."

"என்னியும் அப்டித்தான் சொல்றான் கான்ட்ராக்டரு. நாலு போல்ட்டுதானேன்னு."

நான் விடவில்லை. 500 ரூபாய் என்பது எனக்கு இரண்டு மாத நூல் செலவு. பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் மாத்தூர் வந்தோம். கூடத்தில் செய்தித்தாள் விரித்து, மூன்று மணி நேரம் முயன்று எல்லாவற்றையும் மாட்டினேன். மின்விசையைத் தட்டியதும் விசிறி அரைச்சுற்று சுற்றி நின்றது. மறுபடி தட்டினேன்; மறுபடியும் அரைச்சுற்று. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தில் 23,000 ரூபாயும் எனக்குக் கேட்டது.

மறுநாள் இருவருமாகக் கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு அதே கடைக்குப் போனோம். பதினெட்டு வயதிருக்கும் ஒரு பையன் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தவுடனே சிரித்துவிட்டான். பலகைக்கும் தகட்டுக்கும் இடையே நிற்கவேண்டிய சிறிய பித்தளைத் திருகுத் தூண்களை நான் வைக்கவே இல்லை. அவை கேபினெட்டோடு வந்த நெகிழிப் பையில் அப்படியே கிடந்தன. பலகையின் அடியிலுள்ள ஈயப்பற்று முனைகள் இரும்புத் தகட்டில் பட்டுக் குறுக்கு மின்னோட்டம் உண்டாக, எஸ்எம்பிஎஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருக்கிறது. "அது நின்னதால போர்டு பொழச்சுச்சு சார்" என்றான். தூண்களைத் திருகிப் பலகையை அமர்த்திக் கால்மணி நேரத்தில் திரையை ஒளிரவைத்தான்.

எவ்வளவு என்று கேட்டதற்கு, டீ போதும் என்றான். அப்பா முதல்நாள் மிச்சமான 500 ரூபாய்த் தாளை எடுத்து, கல்லாப் பக்கம் பார்த்துவிட்டு, அவன் சட்டைப்பையில் வைத்தார். "வெச்சிக்க தம்பி. ஓனருக்குத் தெரிய வேணாம்."

திரும்பி வரும்போது கேட்டேன்: நேற்றே கடையில் கொடுத்திருந்தால் இந்த அலைச்சல் இருந்திருக்காதே? அப்பா சொன்னார்: "நேத்து குட்த்திருந்தா அவனுக்குப் போயிருக்காது."

நானே பொருத்துவதா, கூலி கொடுத்துப் பொருத்தச் சொல்வதா என்று மட்டுமே நான் கணக்குப் போட்டிருந்தேன். கொடுக்கும் கூலி யாரைச் சேருகிறது என்ற மூன்றாவது கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. பட்டியலில் எழுதிய 500 கடையினுடையது. பையனுக்கு மாதச் சம்பளம். மணலியில் அப்பாவின் கூலிச்சீட்டும் அப்படித்தான் இருந்தது: ஆலை கொடுப்பது ஒன்று, ஒப்பந்தக்காரரைக் கடந்து கைக்கு வருவது வேறொன்று.

இன்று பாகங்கள் எல்லாவற்றையும் ஒரே கடையில் வாங்கினால் பொருத்தித் தருவது இலவசம் என்கிறார்கள் கடைக்காரர்கள் பலர். இலவசம் என்றால் கூலி பட்டியலிலிருந்து மறைந்துவிட்டது என்றுதான் பொருள். பொருத்துகிறவர் அங்கேதான் இருக்கிறார். மடிக்கணினிகளில் நினைவகத்தைப் பலகையோடு சேர்த்தே பற்றவைத்துவிடுகிறார்கள்; திறந்து பார்ப்பதற்கும் வழியில்லை. 2011-இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிய பின் கல்லூரிக்கு வந்த என் மாணவர்களில் பலர் கணினியின் உட்புறத்தைக் கண்டதே இல்லை.

முதல் கணினியை நீங்களே பொருத்துங்கள் என்றுதான் யார் கேட்டாலும் இன்றும் சொல்வேன். பலகை தகட்டில் படக்கூடாது என்பதை நான் எந்த நூலிலும் அவ்வளவு ஆழமாகக் கற்றிருக்க முடியாது. ஆனால் அதைச் சேமிப்பு என்று மட்டும் கருதாதீர்கள். கூலி கொடுத்தால் பொருத்தியவர் கையில் கொடுங்கள்.

வகுப்பில் எட்டுத்தொகை நடத்தும்போது, தொகுத்தவர், தொகுப்பித்தவர் என்ற இரு பெயர்களையும் சொல்லித்தர வேண்டியிருக்கும். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார், தொகுப்பித்தவன் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர், தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. பொருத்தியவருக்கும் பொருள் கொடுத்தவருக்கும் தனித்தனியே பெயர் எழுதி வைத்த மரபு நம்முடையது. நற்றிணையில் மட்டும் தொகுப்பித்த பன்னாடு தந்த பாண்டியன் மாறன் வழுதியின் பெயர் இருக்கிறது. தொகுத்தவர் பெயர் இல்லை. அந்த இடம் வரும்போதெல்லாம் ரிச்சி தெருப் பையனின் நினைவு வருகிறது. அவன் பெயரை நானும் கேட்டுக்கொள்ளவில்லை.