சுருக்குக் கம்பியும் நாட்கூலியும்: ஹட்டன் தோட்டப்புறங்களில் சிறுத்தை நலமும் தொழிலாளர் நலமும்

2020 மே 26ஆம் திகதி, இலங்கையின் ஹட்டனை அடுத்த நல்லதண்ணிப் பகுதியின் லக்ஷபான தோட்டத்தில், காட்டுப் பன்றிக்கென இட்ட சுருக்குக் கம்பியில் கழுத்து மாட்டிய நிலையில் கருஞ்சிறுத்தை ஒன்று காணப்பட்டது. சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டுசெல்லப்பட்ட அந்த ஆண் விலங்கு மே 29இல் இறந்தது. அப்போது எழுந்த கோபம், கம்பியை இட்டவர் யார் என்ற கேள்வியையே பெரிதும் சுற்றி நின்றது. சட்டத்துக்கு அது வேண்டிய கேள்விதான். ஆனால் அந்தக் கம்பி அங்கே ஏன் தேவைப்பட்டது என்பதையே பாதுகாப்புக் கொள்கை முதலில் கேட்க வேண்டும். தோட்டப்புறத்தில் சிறுத்தையின் கேட்டுக்கும் தொழிலாளரின் கேட்டுக்கும் காரணங்கள் பெரும்பாலும் பொதுவானவை. தொழிலாளர் நலத்தை வெளியே நிறுத்தும் சிறுத்தைப் பாதுகாப்பு தன் நோக்கத்திலேயே தோற்கும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

மனிதர், விலங்கு, சூழல் ஆகிய மூன்றின் நலத்தையும் சேர்த்துக் காணும் 'ஒரே நலம்' என்ற கருத்து, கடந்த பத்தாண்டுகளில் கால்நடை மருத்துவ உலகில் வலுப்பெற்றது. தொற்றுநோய்களை முதன்மையாகக் கொண்ட 'ஒரே சுகாதாரம்' கருத்துக்கு அப்பால், வறுமை, வேலைச்சூழல், மன அழுத்தம் ஆகியவற்றையும் அது கணக்கில் எடுக்கிறது. எனினும் அதன் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பண்ணையிலிருந்தும் வளர்ப்புப் பிராணிகளிலிருந்தும் வருபவை. அங்கே விலங்குக்கு உரிமையாளர் ஒருவர் இருக்கிறார். மலையகத்தில் விலங்கு காட்டினது; அதனருகே வாழும் மனிதருக்கோ தாம் பயிரிடும் நிலமும் சொந்தமில்லை. ஆகவே இக்கருத்து இங்கே பொருந்த வேண்டுமானால் நில உரிமையையும் அதனுள் சேர்த்தாக வேண்டும்.

1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்தபின், மத்திய மலைநாட்டின் சரிவுகளைத் தேயிலை பிடித்துக்கொண்டது. எஞ்சிய காடு ஓடைக்கரைகளிலும் மலைமுகடுகளிலும் துண்டுதுண்டாக நின்றது. புலியும் சிங்கமும் இல்லாத இலங்கையில் உணவுச் சங்கிலியின் உச்சியில் இருப்பது சிறுத்தையே. டிக்கோயா, காசல்ரீ பகுதிகளில் வனவிலங்குப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் அஞ்சலி வொட்சனும் அன்ட்ரூ கிட்டலும் தானியங்கிக் கமராக்களைக் கொண்டு செய்துவரும் பணி, சிறுத்தைகள் இந்தக் காட்டுத் துண்டுகளையும் அவற்றை ஒட்டிய தேயிலை மலைகளையும் தொடர்ந்து பயன்படுத்துவதைக் காட்டுகிறது. தொழிலாளர் விறகு பொறுக்குவதும் மாட்டுக்குப் புல் அறுப்பதும் அதே ஓரங்களில்தான். பகலில் தேயிலைச் செடிகளுக்கடியில் படுத்திருக்கும் சிறுத்தை, கொழுந்து பறிக்கும் பெண்ணை எதிர்கொள்வது இருவருக்குமே ஆபத்து.

இனிக் கூலிக்கு வருவோம். 2019 ஜனவரியில் கைச்சாத்தான கூட்டு ஒப்பந்தத்தின்படி அடிப்படை நாட்கூலி 700 ரூபாயாக இருந்தது. கருஞ்சிறுத்தை இறந்தபோதும் அதுவே நடைமுறையில் இருந்தது. ஆயிரம் ரூபாய்க் கோரிக்கை 2021இல்தான் சம்பளச் சபை வழியே நிறைவேறியது. இத்தகைய கூலியில் விழும் துண்டை அடைப்பவை தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னாலுள்ள மரக்கறிப் பாத்தியும் ஒன்றிரண்டு கறவை மாடுகளும். பாத்தி இருப்பதோ 1992 முதல் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்திலுள்ள நிலத்தில். பன்றிக் கூட்டம் ஓர் இரவில் கிளறிவிட்டுப் போனால், இழப்பைக் கோருவதற்குக் காட்டப் பத்திரம் இல்லை. கையை விட்டுப் போகக்கூடிய நிலத்துக்குச் செலவழித்து வேலி போடவும் எவரும் துணியார். கம்பிச் சுருக்கோ மலிவு. ஆனால் பன்றிக்கும் சிறுத்தைக்கும் அது வேறுபாடு காட்டாது.

நாய், மாடு ஆகியவற்றிலும் இதே பிணைப்பைக் காணலாம். அள்ளப்படாத குப்பை நாய்களைப் பெருக்குகிறது. நாய்கள் சிறுத்தையை லயத்தின் வாசல்வரை இழுக்கின்றன. தெருநாய்களைக் கொல்வதை 2006இல் நிறுத்திய இலங்கையில், தடுப்பூசியும் கருத்தடையும் ஒழுங்காக நடந்தால் பிள்ளைகள் விசர்நாய்க்கடியிலிருந்து காப்பாற்றப்படுவர். சிறுத்தைக்கும் லயத்தை நாடிவரும் காரணம் குறையும். கதவும் உறுதியான சுவரும் உள்ள மாட்டுத்தொழுவம் பால் வருமானத்தைக் காப்பதோடு, பழிவாங்கும் எண்ணத்தையும் முளையிலேயே நீக்குகிறது.

இரண்டு மறுப்புகள் எழலாம். எல்லாக் கம்பிகளும் வறுமையால் இடப்படுபவை அல்ல, இறைச்சி விற்பனைக்கும் இடப்படுகின்றன என்பது முதலாவது. அது உண்மையே; அங்கே சட்டம் இறுக வேண்டும். ஆனால் பயிர் காக்கக் கம்பியிடுபவரையும் இறைச்சி வியாபாரியையும் ஒரே தட்டில் வைத்தால், கம்பி இருக்கும் இடத்தைச் சொல்ல முன்வரக்கூடிய அயலவரும் வாய்மூடிக்கொள்வர். இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது: சிறுத்தைக்காகத்தான் தொழிலாளியின் நிலை உயர வேண்டுமா? இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி லய அறைக்கு மாற்றாக வீடும் காணியும் தருவதற்குச் சிறுத்தையின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. அவை குடிமக்களின் உரிமைகள். இரு நலன்களுக்கும் காரணங்கள் பொது என்று காட்டுவது, ஒன்றை மற்றொன்றின் கருவியாக்குவது ஆகாது.

தமிழ்நாட்டின் வால்பாறையில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. தேயிலைத் தோட்டங்களுக்குள் யானைகள் நடமாடும் அவ்வூரில், அவை நிற்கும் இடத்தைக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்காலும் தொழிலாளருக்கு அறிவிக்கும் முறையை இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை அமைத்தது. இரவில் வீடு திரும்புபவரின் உயிரே அதன் முதல் அக்கறை. யானையுடன் மோதல் தணிவது அதன் விளைவு.

ஹட்டனுக்கு இதிலிருந்து பெறத்தக்கது ஒரு வேலை வரிசை. லயத்துப் பாத்திகளுக்கு எழுத்துமூல உரிமையும் கூட்டு வேலியும் முதலில் வர வேண்டும். குப்பை அகற்றலும் நாய்த் தடுப்பூசியும் தோட்ட நிர்வாகத்தின் கடமைப் பட்டியலில் சேர வேண்டும். சிறுத்தை தென்பட்ட மலையில் அன்று வேலையை நிறுத்தினால் தொழிலாளியின் பேர், அதாவது அன்றைய கூலிப் பதிவு, வெட்டப்படக் கூடாது. இந்த ஏற்பாடுகள் எத்தனை தோட்டங்களில் நடைமுறைக்கு வந்தன என்பதையும், அகற்றிய கம்பிகளின் எண்ணிக்கையோடு சேர்த்து, வனஜீவராசிகள் திணைக்களம் ஆண்டுதோறும் பதிவு செய்ய வேண்டும். கம்பியை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் அடுத்த ஆண்டும் எண்ணுவதற்குக் கம்பி இருக்கும்.