‘கிரவுண்டு’ என்றொரு சொல்

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் வட்டாரத்தில் நாள்தோறும் புழங்கும் ஆங்கிலச் சொற்களுள் ‘கிரவுண்டு’ என்பதற்குத் தனியிடம் உண்டு. “அரை கிரவுண்டு விலைக்கு வருகிறது” என்கிறார் மனைத் தரகர். “கிரவுண்டுக்குப் போகிறேன்” என்று மட்டையோடு கிளம்புகிறான் சிறுவன். “கிரவுண்டு ஃப்ளோர் வாடகைக்கு” என்கிறது வாயிற்கதவில் தொங்கும் அட்டை. “கிரவுண்டு வாட்டர் இறங்கிவிட்டது” என்கிறார் போர்வெல் போடுபவர். சொல் ஒன்று; பொருள் நான்கு. பொருளாதாரம் கற்பித்தவன் என்பதால், இவற்றுள் எதற்கு விலை உண்டு, எதற்கு இல்லை என்றே என் மனம் முதலில் கணக்கிடுகிறது.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் மூல வடிவம் அடிப்பகுதியை, குறிப்பாகக் கடலின் அடியைக் குறித்தது. தரை, நிலம், அடித்தளம், காரணம் என்று பொருள் பின்னர் விரிந்தது. இதன் உறவுச் சொல்லான ஜெர்மானிய ‘குருண்ட்’ இன்றும் தரையையும் காரணத்தையும் சேர்த்தே சுட்டுகிறது. நீதிமன்ற மனுக்களில் வழக்கறிஞர்கள் அடுக்கும் ‘கிரவுண்ட்ஸ்’ என்பன வழக்கு ஊன்றி நிற்கும் காரணங்கள். காபி இறக்கியபின் அடியில் தங்கும் மண்டிக்கும் அதே பெயர்தான். ஆனால், அரைத்த காபித்தூளைக் குறிக்கும் ‘கிரவுண்ட் காபி’யின் வேர் வேறு, அது அரைத்தலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. பறக்கவிடாமல் நிறுத்தப்பட்ட விமானத்தையும் ‘கிரவுண்டு’ செய்ததாகச் சொல்வார்கள். அமெரிக்கர்கள் ‘கிரவுண்டு’ என்னும் மின்னிணைப்பை மட்டும் நாம் ‘எர்த்’ என்கிறோம்.

தமிழில் இதற்கு இணை தேடினால், ‘அடி’ என்ற சொல்லே அருகில் வருகிறது. கீழ்ப்பகுதி, பாதம், தொடக்கம், ‘அடிப்படை’ என்னும்போது காரணம், இவற்றோடு நீட்டலளவை. கிரவுண்டும் நம் ஊருக்கு வந்து ஓர் அளவையாயிற்று. 40 அடிக்கு 60 அடி, அதாவது 2,400 சதுர அடி. இந்தப் பொருள் இங்கிலாந்தில் வழங்காதது. செங்கல்பட்டு வட்டாரத்துப் பழைய கணக்கில் இதன் பெயர் மனை. 24 மனை ஒரு காணி, ஏறக்குறைய 1.32 ஏக்கர். பாரதியார் பராசக்தியிடம் வேண்டிய காணியை இக்கணக்கில் கொண்டால், அது 24 கிரவுண்டு! மெட்ரிக் அளவைக்கு 1956இல் சட்டம் இயற்றிய பிறகும் சென்னையின் பேச்சுவழக்கிலிருந்து கிரவுண்டு அகலவில்லை.

அளவையான பொருளுக்குச் சந்தையில் விலை கிடைத்தது. விளையாட்டுத் திடலுக்கும் நிலத்தடி நீருக்கும் அது கிடைக்கவில்லை. சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

மனைப்பிரிவு விதிகளைப் பாருங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலாக 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கியே தீரவேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை, இடத்துக்கு ஈடாகப் பணம் கட்டவும் வழியுண்டு. 3,000க்குக் கீழே இக்கடமையே இல்லை. 3,000 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ பதின்மூன்றரை கிரவுண்டு. ஆக, 13 கிரவுண்டு கொண்ட மனைப்பிரிவுகள் பத்து அடுத்தடுத்து எழுந்தால், அங்கே 130 கிரவுண்டு இருக்கும். பிள்ளைகள் விளையாட ஒரு கிரவுண்டும் இருக்க வேண்டியதில்லை. விதி எதுவும் மீறப்படாமலே இது நிகழக்கூடும்.

நீரின் கதையும் இதுவே. தன் நிலத்தின் அடியிலுள்ள நீரை எடுத்துக்கொள்ளும் உரிமையை நில உடைமையோடு சேர்த்தே பேசுகிறது 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம். ஆனால், நீருக்கு வேலி கிடையாது. ஒருவர் ஆழ உறிஞ்சினால் அடுத்த வீட்டுக் கிணறு வற்றும். ஒருவர் முற்றம் முழுவதும் சிமென்ட் பூசினால் மழைநீர் மண்ணில் இறங்காமல் தெருவுக்கு ஓடும். இதைப் பொருளியலில் புறவிளைவு என்போம்: பயன் ஒருவருக்கு, செலவு ஊருக்கு. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் மூழ்கின. 2019 கோடையில் இதே புறநகர் தண்ணீர் லாரிக்குக் காத்துநின்றது.

மழைநீர் சேகரிப்பு 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். அதைத் தூர்வாரிப் பேணுவது நம் கடமை. அரசு செய்ய வேண்டியவை இரண்டு. அடுத்தடுத்து எழும் சிறு மனைப்பிரிவுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டுத் திறந்தவெளிக்கு வழி காண வேண்டும். இடத்துக்கு ஈடாக வாங்கும் பணத்தைக் கொண்டு அதே வட்டாரத்தில் திடல் அமைக்க வேண்டும்.

மனை வாங்குவோர் பத்திரத்தில் எத்தனை கிரவுண்டு என்று பார்ப்பது இயல்பு. அடுத்த தெருவில் பிள்ளைகளுக்கு ஒரு கிரவுண்டு உண்டா, கிணற்றில் நீர் எத்தனை அடியில் நிற்கிறது என்பதையும் சேர்த்து விசாரிக்கத் தொடங்கினால், விலையில்லாத பொருள்களுக்கும் மதிப்புப் பிறக்கும்.